வட்டக் கட்டில் வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் உறக்கம் தொடர்பான கேள்விகளை அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கட்டிலையும் மெத்தையையும் படுக்கும் விதத்தையும் பற்றியே இருந்தன. மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு இது மிகவும் நெருக்கமான பொருள். படுத்திருப்பவரின் தோள், இடுப்பு, குதிகால் ஆகியவை எங்கே அழுந்துகின்றன, அவர் திரும்பிப் படுக்கச் சிரமப்படுகிறாரா, மூச்சு சீராக வருகிறதா என்று கவனிப்பதே எங்கள் தொழிலின் முதல் பாடம். வீட்டில் போடும் படுக்கையை மதிப்பிடவும் அந்த மூன்று கேள்விகளே போதும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எங்களுடைய புதிய நான்கறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் சாவி விரைவில் கிடைக்கவிருக்கிறது. பெரிய படுக்கையறையில் வட்டக் கட்டில் போட வேண்டும் என்று என் மனைவி விரும்புகிறார். என் உயரம் 178 சென்டிமீட்டர். வட்டக் கட்டிலில் இருவர் வசதியாக உறங்க முடியுமா? – பொங்கோல் வாசகர்

பதில்: படுக்க முடியும். இருவரும் இரவு முழுவதும் தடையின்றித் திரும்பிப் படுக்க முடியுமா என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வட்ட மெத்தையின் முழு விட்டமும் நீளமாகக் கிடைப்பது நடுக்கோட்டில் மட்டுமே. அங்கிருந்து விலக விலக நீளம் குறைந்துகொண்டே போகும். இருவர் படுக்கும்போது நடுக்கோட்டில் யாரும் படுப்பதில்லை, ஒவ்வொருவரும் அதிலிருந்து ஏறக்குறைய 40 செ.மீ. தள்ளியே படுக்கிறார்கள். 200 செ.மீ. விட்டமுள்ள மெத்தையில் அந்த இடத்தில் உங்களுக்குக் கிடைக்கும் நீளம் 183 செ.மீ. வெளிப்பக்கத் தோள் இருக்கும் இடத்தில், அதாவது நடுவிலிருந்து 60 செ.மீ. தொலைவில், 160 செ.மீ. மட்டுமே மிஞ்சும். நீங்கள் ஒரு சாண் வெளியே நகர்ந்தாலும் பாதம் மெத்தையைத் தாண்டித் தொங்கும் என்பது இதன் பொருள்.

213 செ.மீ. விட்டமுள்ள பெரிய வட்ட மெத்தையை எடுத்துக்கொண்டால், அதே இரண்டு இடங்களிலும் முறையே 197, 176 செ.மீ. கிடைக்கும். நீளத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு அது பெரும்பாலும் போதும். அந்த மெத்தையின் பரப்பளவு சுமார் 3.56 சதுர மீட்டர். 182க்கு 190 செ.மீ. அளவுள்ள கிங் மெத்தையின் பரப்பளவோ 3.46 சதுர மீட்டர்தான். பரப்பு கூடுதலாக இருந்தும் படுப்பதற்கு உதவும் இடம் குறைவாக இருப்பதற்குக் காரணம், மனித உடல் நீளவாக்கில் கிடப்பதும், வட்டத்தில் மிஞ்சும் இடமெல்லாம் இருபுற வளைவுகளிலும் நம் கையோ காலோ முழுமையாகத் தங்க முடியாத துண்டுகளாகச் சிதறிக் கிடப்பதுமே ஆகும். இதனால் இருவரும் தம்மையறியாமல் நடுவை நோக்கி நெருங்குவார்கள். பெரியவர்கள் ஓர் இரவில் பத்துக்கும் மேற்பட்ட முறை நிலை மாறிப் படுக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை நமக்கு நினைவிலேயே இருப்பதில்லை. விளிம்பும் துணையின் முதுகும் இருபுறமும் நெருக்கும்போது அந்த இயல்பான அசைவுகள் விழிப்பாக மாறிவிடுகின்றன.

அடுத்தது அறை. மூன்று மீட்டர் சதுர அறையில் 60 செ.மீ. ஆழமுள்ள அலமாரியை ஒரு சுவரில் பொருத்திய பிறகு, அந்தத் திசையில் 240 செ.மீ. மிஞ்சும். அதில் 213 செ.மீ. கட்டிலைப் போட்டால் நடப்பதற்கும் அலமாரிக் கதவைத் திறப்பதற்கும் 27 செ.மீ. தான் இருக்கும். அறையின் நான்கு மூலைகளிலும் எதற்கும் உதவாத முக்கோணத் துண்டுகள் வேறு உருவாகும். வட்ட மெத்தைக்கான விரிப்பைத் தைக்கக் கொடுக்க வேண்டியிருக்கும். தலைமாட்டில் சுவரோ பலகையோ இல்லாததால் தலையணை நழுவும், சாய்ந்து உட்கார்ந்து படிக்கவும் முடியாது. வாங்குவதற்கு முன்பு மின்தூக்கியின் அளவையும் படுக்கையறைக் கதவின் அளவையும் எடுத்துவிடுங்கள். இரண்டு பாதிகளாகக் கொண்டுவந்து இணைக்கும் மெத்தை என்றால், நடுவில் இணைப்புக்கோடு உடலில் உறுத்துகிறதா என்று கடையிலேயே படுத்துப் பாருங்கள்.

வட்டக் கட்டிலிலும் நன்மை உண்டு. முழங்காலை இடித்துக்கொள்ளும் மூலைகள் அதில் இல்லை; எந்தத் திசையிலும் திருப்பிப் போடலாம் என்பதால் மெத்தை ஒரே இடத்தில் குழியாவதும் குறையும். ஒருவர் மட்டும் படுக்கும் பெரிய அறைக்கு அது பொருந்தும். சங்கப் பாடல் ஒன்றில் பாண்டிய அரசி படுத்திருக்கும் யானைத் தந்தக் கட்டிலை வட்டக் கட்டில் என்றே உரையாசிரியர்கள் கொள்கிறார்கள். அரண்மனைக்கு அது அழகுதான். உங்கள் அறைக்கு நான் சொல்வது, 152 செ.மீ. அகலமுள்ள குவீன் மெத்தையோ இடமிருந்தால் கிங் மெத்தையோ போட்டு, மனைவி விரும்பும் வளைவைத் தலைமாட்டுப் பலகையில் அமைத்துக்கொள்ளுங்கள் என்பதே. வட்ட மேடை கட்டி அதன்மேல் குவீன் மெத்தையை வைக்கலாமே என்று நினைத்தால், அந்த மேடைக்கு 243 செ.மீ. விட்டம் வேண்டியிருக்கும். உங்கள் உயரத்துக்கு 190 செ.மீ. நீள மெத்தையில் 12 செ.மீ. தான் மிச்சம் என்பதால் கால்மாட்டில் பலகை இல்லாத கட்டிலைத் தேர்ந்தெடுங்கள். 200 செ.மீ. நீளத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: என் கணவர் மல்லாந்து படுத்துப் பெரிதாகக் குறட்டை விடுகிறார். சில நேரம் சத்தம் நின்றுபோய், பிறகு திணறுவதைப் போல மூச்சு வருகிறது. காலையில் தலைவலி என்கிறார். பேருந்தில் ஏறியதும் தூங்கிவிடுகிறார். கட்டில் சிறியதாக இருப்பதுதான் காரணம், இன்னும் மெத்தென்ற பெரிய மெத்தை வாங்கினால் சரியாகிவிடும் என்பது அவர் எண்ணம். அவர் எடை கூடியவர் என்பதால் இப்போதிருக்கும் மெத்தையில் நான் அவர் பக்கம் உருண்டுவிடுகிறேன். – உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: அம்மா, மெத்தைக் கடைக்கு முன்பு பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அவரை அழைத்துச் செல்லுங்கள். குறட்டை நடுவில் நின்று, திணறலோடு மூச்சு திரும்புவது, காலைத் தலைவலி, பகல் தூக்கம் ஆகிய மூன்றும் ஒருங்கே இருப்பது உறக்கத்தில் மூச்சுத்தடை ஏற்படுவதற்கான அடையாளம். மல்லாந்து படுக்கும்போது நாக்கின் அடிப்பகுதியும், வாயின் மேற்கூரையின் பின்பகுதியான மென் அண்ணமும் புவியீர்ப்பால் பின்னோக்கிச் சரிகின்றன. தூக்கத்தில் தொண்டைத் தசைகளும் தளர்ந்துவிடுவதால் மூச்சுக்குழலின் மேற்பகுதி குறுகுகிறது, சில நேரம் முற்றிலும் அடைபடுகிறது. இரத்தத்தில் உயிர்வாயு குறையும்போது மூளை அவரை அரைகுறையாக எழுப்பி மூச்சுவிட வைக்கிறது. இது இரவெல்லாம் நடந்துகொண்டிருப்பதால் எத்தனை மணி நேரம் படுத்திருந்தாலும் அவருக்கு ஓய்வு கிடைப்பதில்லை. சிங்கப்பூரில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, பெரியவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு இந்த மூச்சுத்தடை மிதமாகவோ கடுமையாகவோ இருப்பதாகவும், அவர்களில் பத்தில் ஒன்பது பேர் அதை அறியாமலேயே இருப்பதாகவும் கண்டது. கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தமும் இதய நோயும் வருவதற்கான வாய்ப்பு கூடும் என்பதால், தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் பார்த்ததை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். தூங்கும் உங்கள் கணவருக்கு அது தெரிய வழியில்லை.

மருத்துவரைப் பார்க்கும்வரை, அதற்குப் பிறகும்கூட, அவர் ஒருக்களித்துப் படுக்கப் பழகுவது நல்லது. இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு மல்லாந்து படுக்கும்போது மூச்சுத்தடை இரு மடங்காகிறது. நம் ஊர் வீடுகளில் போல்ஸ்டர் எனப்படும் நீள் தலையணை ஏற்கனவே இருக்கும். அதை முன்புறம் அணைத்துக்கொண்டு மேல்காலை அதன்மேல் போட்டால் இடுப்பு முறுகாமல் இருக்கும், மற்றொன்றை முதுகுக்குப் பின்னால் வைத்தால் மல்லாந்து புரளுவதும் தடுக்கப்படும். தலையணையின் உயரம் தோள் முனைக்கும் கழுத்துக்கும் இடையிலுள்ள இடைவெளிக்குச் சமமாக இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அது 10 முதல் 15 செ.மீ. வரை வரும். பின்னாலிருந்து பார்க்கும்போது அவருடைய தலை, கழுத்து, முதுகெலும்பு ஆகியவை ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று நீங்கள் பார்த்துச் சொல்லலாம். இரவில் மது அருந்தும் பழக்கம் இருந்தால் அது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும்.

நீங்கள் உருண்டுபோவதற்கு இன்னும் மெத்தென்ற மெத்தை தீர்வாகாது. அவர் இடுப்பு மேலும் அமிழும், நீங்கள் இன்னும் சரிவீர்கள். சிங்கிள் மெத்தையின் அகலம் 91 செ.மீ. அப்படிப்பட்ட இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் சரியாக 182 செ.மீ., அதாவது ஒரு கிங் கட்டிலின் அகலம். அவர் எடைக்கு ஏற்ற உறுதியான மெத்தை ஒரு பக்கம், உங்களுக்குச் சற்று இளகியது மறுபக்கம், இரண்டுக்கும் ஒரே விரிப்பு. அவர் புரண்டாலும் உங்கள் பக்கம் அசையாது. தம்பதியருக்குத் தனித்தனி மெத்தையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். இருவரும் தூங்குவதே குடும்பத்துக்கு நல்லது என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: டாக்சி ஓட்டுகிறேன். இரவு பதினொரு மணிக்கு மேல்தான் சாப்பாடு. படுத்ததும் நெஞ்சு எரிகிறது. மூன்று தலையணை வைத்துப் படுத்தும் குறையவில்லை. – ஈசூன் வாசகர்

பதில்: தலையணைகளை அடுக்கினால் கழுத்தும் மேல்முதுகும் மட்டுமே வளையும், வயிறு மடங்கி அழுத்தம் கூடுவதால் எரிச்சல் அதிகமாகவும் செய்யலாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் உறுதியான கட்டைகளை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள், படுக்கை முழுவதும் ஒரே சரிவாக இருக்க வேண்டும். இடப்பக்கமாகப் படுங்கள். இரைப்பையின் பெரும்பகுதி உடலின் இடப்புறம் இருப்பதால், அப்படிப் படுக்கும்போது அமிலம் உணவுக்குழலின் வாயைவிடத் தாழ்ந்த மட்டத்தில் தங்குகிறது. ஆம்ஸ்டர்டாமில் 57 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், மேலேறிய அமிலம் உணவுக்குழலிலிருந்து நீங்க இடப்பக்கம் படுத்தபோது 35 வினாடியும், மல்லாந்தபோது 76 வினாடியும், வலப்பக்கம் படுத்தபோது 90 வினாடியும் ஆயின. இடக்கை கீழாகப் படுக்கச் சொல்லும் நம் சித்த மருத்துவ மரபோடு இது ஒத்துப்போவதைக் காண எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்க முடியாவிட்டால், பெரிய சாப்பாட்டை மாலையிலேயே முடித்துக்கொண்டு இரவில் சிறிதளவு மட்டும் உண்ணுங்கள். விழுங்கச் சிரமம், எடை குறைதல், நெஞ்சு வலி இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் இருக்க வேண்டாம்.

கேள்வி: வடக்கே தலை வைத்துப் படுத்தால் இரத்தத்திலுள்ள இரும்பைப் பூமியின் காந்தம் இழுக்கும் என்று என் மாமியார் கூறுகிறார். கட்டிலைத் திருப்பிப் போட்டால் ஏர்கான் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. என்ன செய்வது? – சிராங்கூன் வாசகி

பதில்: இரத்தத்திலுள்ள இரும்பு, புரதத்தோடு பிணைந்த அணுக்களாக இருக்கிறது, காந்தத்தை நோக்கி ஓடும் இரும்புத் துகளின் இயல்பு அதற்கு இல்லை. பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும் (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு, மைக்ரோடெஸ்லா அதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு). மருத்துவமனையின் எம்ஆர்ஐ கருவி 1.5 டெஸ்லா, அதாவது ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமையுடையது. அதற்குள் படுத்து எழுந்து வருபவர்களின் இரத்தம் எந்தப் பக்கமும் இழுபடுவதில்லை. ஆகவே காந்தத்தைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

ஆயினும் மாமியாரின் மனநிம்மதியையும் நான் சிறிதாக எண்ணவில்லை. பெரியவர்கள் சொல்லும் "உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு" என்ற வாக்கின்படியே பார்த்தாலும் மூன்று திசைகள் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. கிழக்கிலோ மேற்கிலோ தலை வைத்துப் பாருங்கள். காற்று முகத்தில் படாத திசை ஏதேனும் ஒன்று பெரும்பாலும் அமைந்துவிடும். ஏர்கான் காற்று இரவெல்லாம் முகத்தில் பட்டால் மூக்கும் கண்ணும் வறண்டு, மூக்கடைப்பும் வாய்வழி மூச்சும் வரும். உறக்கத்தைக் கெடுப்பது அதுதான். திசை அமையாவிட்டால் காற்றுத் தடுப்புத் தகடு பொருத்தி, காற்றைக் கூரையை நோக்கித் திருப்புங்கள். தேசியச் சுற்றுப்புற வாரியம் பரிந்துரைப்பதைப் போல 25 டிகிரியோ அதற்கு மேலோ வைத்து, கூடவே மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் போதும். கட்டிலின் இரு பக்கமும் இறங்க வழியிருப்பதும் முக்கியம். ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் உள்ளே படுத்திருப்பவர் எழும்போதெல்லாம் மற்றவர் விழித்துக்கொள்வார்.

கேள்வி: எனக்கு இது 32ஆவது வாரம். இடப்பக்கம் மட்டுமே படுக்க வேண்டும் என்கிறார்கள். நள்ளிரவில் விழித்துப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறேன். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அழுகை வருகிறது. – செங்காங் வாசகி

பதில்: அழாதீர்கள், மகளே. 28 வாரங்களுக்குப் பிறகு ஒருக்களித்து உறங்கப் போவது நல்லது என்பது உண்மை. மல்லாந்து படுக்கும்போது கருப்பையின் எடை, உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் பெருநாளத்தை அழுத்துகிறது. அதனால் குழந்தைக்குச் செல்லும் இரத்தமும் குறையக்கூடும். ஆனால் பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வேறுபாடு காணப்படவில்லை. எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் படுங்கள். கவனிக்க வேண்டியது உறங்கத் தொடங்கும் நிலையை. இடையில் விழிக்கும்போது மல்லாந்திருந்தால் பதறாமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு மீண்டும் உறங்குங்கள், அவ்வளவே. வயிற்றுக்கு அடியில் ஒரு சிறு தலையணையும் முழங்கால்களுக்கு நடுவே ஒன்றும் வைத்தால் இடுப்பு இழுபடாது. குழந்தையின் அசைவு குறைவதாக உணர்ந்தால் மட்டும் படுக்கும் நிலையை மாற்றிக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.

கேள்வி: அக்கா, வணக்கம். தங்குவிடுதியில் இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுக்கிறேன். கம்பிவலை நடுவில் தொய்ந்துவிட்டது. பஞ்சு மெத்தையும் மெலிதாகிவிட்டது. இரவு வேலை முடிந்து பகலில் தூங்கி எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. வெறும் பலகையில் படுத்தால் நல்லது என்கிறார் உடன் வேலை பார்க்கும் அண்ணன். – துவாஸ் வாசகர்

பதில்: தம்பி, நாளெல்லாம் சுமை தூக்கும் இடுப்புக்கு இரவிலோ பகலிலோ ஓய்வு கிடைத்தே ஆக வேண்டும், உங்கள் கேள்வியை நான் மிகுந்த அக்கறையோடு படித்தேன். நடுவில் தொய்ந்த வலையில் உடலின் மிக எடையுள்ள பகுதியான இடுப்பு குழிக்குள் இறங்கிவிடுகிறது. மல்லாந்தால் முதுகு வளைகிறது, ஒருக்களித்தால் முதுகெலும்பு பக்கவாட்டில் தொங்குகிறது. அதை நேராக்க முயலும் தசைகள் நீங்கள் தூங்கும்போதும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. அண்ணன் சொன்னதில் பாதி சரி. பலகை வேண்டும், ஆனால் வெறும் பலகை வேண்டாம். ஸ்பெயினில் நீண்டகால இடுப்பு வலியுள்ள 313 பேரிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வில், மிகக் கடினமான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே 90 நாள்களில் வலி நன்றாகக் குறைந்திருந்தது.

விடுதி மேற்பார்வையாளரிடம் சொல்லி, கட்டிலின் சட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஒட்டுப்பலகையை வலையின்மேல் போடச் சொல்லுங்கள். வலையை மாற்றித் தந்தால் அதைவிட நல்லது. அதன்மேல் அழுத்தினால் உடனே அடிவரை இறங்கிவிடாத ஃபோம் மெத்தையைப் போடுங்கள். ஆனால் மெத்தையின் மேற்பரப்புக்கும் பக்கத் தடுப்புக் கம்பியின் உச்சிக்கும் இடையே குறைந்தது 16 செ.மீ. இருக்க வேண்டும், தடித்த மெத்தையைப் போட்டு அந்தப் பாதுகாப்பை இழந்துவிடாதீர்கள். மல்லாந்து படுக்கும்போது மடித்த போர்வையை முழங்காலுக்கு அடியிலும், ஒருக்களிக்கும்போது முழங்கால்களுக்கு நடுவிலும் வையுங்கள். எழும்போது முதலில் பக்கவாட்டில் திரும்பி, கைகளை ஊன்றி உட்கார்ந்து, சிறிது நேரம் கழித்து ஏணியைப் பார்த்தபடி இறங்குங்கள். வெப்பக் காற்று மேலே சேரும் என்பதால் மேல்தட்டு பகலில் கூடுதலாகப் புழுங்கும். கட்டிலில் சிறு மின்விசிறி பொருத்த அனுமதி கேளுங்கள், கண்ணை மறைக்கக் கறுப்புத் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

2021இல் அறிவிக்கப்பட்ட விதிமுறைகளின்படி புதிதாகக் கட்டப்படும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் தங்கக்கூடாது, ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும். வரவேற்க வேண்டிய மாற்றம் அது. அறையின் பரப்பைப் போலவே, ஒவ்வொரு கட்டிலின் வலையும் மெத்தையும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் விடுதி நடத்துவோர் முறையாகச் சோதிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். காலில் மரத்துப்போதலோ வலி பாய்வதோ இருந்தால் பொறுத்துக்கொண்டு வேலை செய்யாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு 76 வயது. கூடத்தில் தரையில் கோரைப்பாய் விரித்துத்தான் படுப்பேன் என்கிறார். விலை உயர்ந்த மெத்தை வாங்கிக் கொடுத்தும், உள்ளே புதைவதைப் போல இருக்கிறது என்று இறங்கிவிடுகிறார். முழங்கால் வலியும் இருக்கிறது. – தெம்பனிஸ் வாசகர்

பதில்: அம்மா சொல்வதை நம்புங்கள். மிக இளகிய மெத்தையில் முதியவர்கள் திரும்பிப் படுக்கவும் எழவும் அதிக பலம் தேவைப்படுகிறது. புதைவதைப் போல இருக்கிறது என்பது மிகச் சரியான விவரிப்பு. அவர் தேடுவது உறுதியும் பாயின் குளிர்ச்சியும்தான், தரையை அல்ல. எனவே உறுதியான, மெல்லிய மெத்தையைப் பலகைக் கட்டிலில் போட்டு, அதன்மேல் அவருடைய கோரைப்பாயையே நழுவாதபடி விரித்துக் கொடுங்கள். கோரை வியர்வையை உடலோடு ஒட்டவிடாது என்பதால் நம் தட்பவெப்பத்துக்கு அது மிகவும் ஏற்றது.

தரையை நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், நள்ளிரவில் கழிப்பறைக்குப் போக முழங்காலை மடித்து ஊன்றி எழும் அந்த நேரம். தூக்கக் கலக்கமும், படுத்த நிலையிலிருந்து எழும்போது இரத்த அழுத்தம் தாழ்வதும் சேர்ந்தால் விழுவது எளிது. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் மீள்வது கடினம். கட்டில் விளிம்பில் உட்காரும்போது இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் படிய வேண்டும், இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். பலருக்கு 45 முதல் 50 செ.மீ. உயரம் சரியாக வரும். ஆனால் அம்மாவை உட்கார வைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள். மெத்தையையும் சேர்த்துத்தான் அந்த உயரம். கழிப்பறை வரை சிறு இரவு விளக்கு எரியட்டும். சிங்கப்பூரின் காற்றில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் என்பதால், பாயையும் மெத்தையையும் அவ்வப்போது நிமிர்த்தி வைத்துக் காற்றாட விடுங்கள். அடியில் பூஞ்சணம் பிடித்தால் அவருக்கு இருமலும் தும்மலும் வரும்.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். மருத்துவமனைக் கட்டிலை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். தலைப்பகுதியை உயர்த்தினால் கால்மாட்டுக்குச் சரிந்துவிடுகிறார். புட்டத்துக்கு மேல் சிவந்திருக்கிறது. நானும் பணிப்பெண்ணும்தான் பார்த்துக்கொள்கிறோம். – ஜூரோங் வாசகி

பதில்: சிவந்த இடத்தை விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். அழுத்தும்போது வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம்; வீட்டுக்கு வரும் தாதியிடமோ மருந்தகத்திலோ இன்றே தெரிவியுங்கள். மாநிறமான, கறுத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது என்பதால், சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்கவும் வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடவோ வளையத் தலையணை வைக்கவோ வேண்டாம்; இரண்டுமே திசுவுக்கு மேலும் தீங்கு செய்யும்.

அவர் சரிவதும் சிவப்பும் ஒரே காரணத்தால் வருபவை. தலைப்பகுதி மட்டும் உயரும்போது எலும்பு கீழ்நோக்கி நகர்கிறது, தோலோ விரிப்போடு ஒட்டி நிற்கிறது. நடுவிலுள்ள நுண்ணிய இரத்தக்குழாய்கள் இழுபட்டு நெளிகின்றன. ஆகவே எப்போதும் முழங்கால் பகுதியைச் சிறிது உயர்த்திய பிறகே தலைப்பகுதியை உயர்த்துங்கள். உணவு நேரத்தில் நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, உண்டு முடித்து அரைமணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவு மூச்சுக்குழலுக்குள் போகக்கூடும். மற்ற நேரங்களில் தலைப்பகுதி 30 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றுங்கள். முழுவதும் ஒருக்களித்துப் போட்டால் இடுப்பெலும்பின் முனை அழுந்தும் என்பதால், முதுகுக்குப் பின்னால் தலையணையை நெடுக்காகச் செருகி 30 டிகிரி அளவு மட்டும் சாய்த்து வையுங்கள். அடுத்த முறை மறுபக்கம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி பாருங்கள். பலவீனமான கையைத் தொங்கவிடாமல் தலையணையின்மேல் வையுங்கள். அவரை மேலே நகர்த்தும்போது அக்குளைப் பிடித்து இழுக்க வேண்டாம். உடலுக்கு அடியில் மடித்த விரிப்பைப் போட்டு, நீங்களும் பணிப்பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரே நேரத்தில் நகர்த்துங்கள். அப்போது கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொண்டால் உங்கள் முதுகும் தப்பும். காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தை உதவியாக இருக்கும். ஆனால் அது இருக்கிறதே என்று திருப்பிவிடுவதை நிறுத்திவிடக் கூடாது.

இரவில் நீங்கள் இருவரும் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரே எல்லா இரவும் விழித்தால் சில வாரங்களில் நீங்களே நோயாளியாகிவிடுவீர்கள். நேரத்தையும் எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்பதையும் கட்டிலருகே ஒரு தாளில் எழுதி வந்தால், அடுத்தவர் குழப்பமின்றித் தொடரலாம். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை அணுகிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதிச் சேவைக்கு அவர்கள் ஏற்பாடு செய்வார்கள். தகுதியுள்ள முதியோருக்குச் சக்கர நாற்காலி, மருத்துவமனைக் கட்டில் போன்றவற்றை வாங்க அரசாங்க மானியம் கிடைக்கவும் வழிகாட்டுவார்கள். தாதி முதன்முறை வரும்போது பணிப்பெண்ணும் அருகில் இருக்கட்டும். அப்பாவைத் திருப்பும் முறையை இருவரும் செய்து காட்டி, தாதி சரி என்று சொன்ன பிறகே அவரை அனுப்புங்கள்.